லோடரில் எண்ணெய் ஒழுகினால்



செம்பனைத் தோட்டத்தில் பெரட்டு முடிந்ததும் முதலில் காதில் விழுவது டிராக்டரின் ஓசைதான். உரமூட்டையை நகர்த்துவதற்கும், மழையில் அரித்துப்போன சாலைக்குச் செம்மண் வாரிக் கொட்டுவதற்கும், ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையை அள்ளிக் குவிப்பதற்கும் டிராக்டரின் முன்பக்கத்தில் இரண்டு இரும்புக் கைகளைப் பூட்டி, அவற்றின் நுனியில் ஒரு வாளியை மாட்டியிருப்பார்கள். அதைத்தான் லோடர் என்கிறோம். பத்துப் பேர் மண்வெட்டியும் கூடையுமாக அரை நாள் செய்யும் வேலையை அது சில நிமிடங்களில் முடித்துவிடும். அந்த இரும்புக் கைகளுக்கு அத்தனை பலத்தையும் கொடுப்பது உள்ளே ஓடுகிற எண்ணெய். அந்த எண்ணெய் வெளியே ஒழுகினால் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதுதான் இன்றையப் பேச்சு.

இது டிராக்டர் ஓட்டுபவருக்கும் பட்டறையில் வேலை செய்பவருக்கும் உரிய விஷயம், நமக்கென்ன என்று வீட்டிலிருக்கும் தாய்மார்கள் வானொலியை மூடிவிட வேண்டாம். உங்களுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு விரலோ ஒரு கையோ காப்பாற்றப்படுவது சில நேரங்களில் உங்கள் கண்ணில் ஒரு சின்னப் புள்ளி படுவதைப் பொறுத்திருக்கிறது.

முதலில் அந்த எண்ணெய்க்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த பாஸ்கல் என்ற அறிஞர், மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று கண்டறிந்தார். 1795இல் இங்கிலாந்தில் பிராமா என்பவர் அந்த உண்மையை வைத்து நீர் அழுத்த இயந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். லோடரும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. எஞ்சின் பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. ஓட்டுநர் நெம்புகோலை அசைத்தால் வால்வு திறந்து, எண்ணெய் ரப்பர் ஹோஸ் வழியாகச் சிலிண்டருக்குள் பாய்ந்து, உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு சேர்ந்த பளபளப்பான இரும்பு ராடு வெளியே வர, வாளி மேலே எழுகிறது.

அழுத்தம் எவ்வளவு? கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 ராத்தல். டிராக்டர் லோடரின் ஹோஸில் ஓடும் எண்ணெய் சாதாரணமாக 2,000 ராத்தலையும் தாண்டும். இரண்டு அங்குல விட்டமுள்ள சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிஸ்டனின் பரப்பு 3 சதுர அங்குலத்துக்குச் சற்று அதிகம். 2,000 ராத்தல் அழுத்தத்தில் அது தள்ளும் பலம் 6,000 ராத்தலுக்கு மேல், அதாவது இரண்டரை டன்னுக்கும் கூடுதல். கை மொத்தத்தில் உள்ள ஒரு சிலிண்டருக்கு இவ்வளவு என்றால், இரண்டு சிலிண்டர் சேர்ந்து தூக்குவதைச் சொல்லவும் வேண்டுமா?

இந்தக் கணக்கைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மனிதத் தோலைத் துளைக்க 100 ராத்தல் அழுத்தமே போதும் என்று சொல்வார்கள். ஹோஸில் இருப்பதோ அதைப் போல இருபது மடங்கு. ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்துவிட்டால், அதிலிருந்து எண்ணெய் சொட்டாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி போலப் பீய்ச்சும். பார்ப்பவர்களுக்கு லேசான புகை எழுவதுபோல இருக்கும், அல்லது ஒன்றுமே தெரியாது. 'எங்கேயோ ஈரமாயிருக்கிறதே' என்று ஓட்டுநர் ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கிறார். அந்த நொடியில் எண்ணெய் தோலைத் துளைத்து விரலுக்குள் போய்விடும். கையுறை போட்டிருந்தாலும் இது நடக்கும். துணிக் கையுறையும் தோல் கையுறையும் இந்த அழுத்தத்தைத் தடுக்கும் கவசம் அல்ல.

இப்போது தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இந்தக் காயம் மற்றக் காயங்களைப் போன்றது அல்ல. முதலில் ஊசி குத்தியதுபோல ஒரு சுருக். அவ்வளவுதான். இரத்தம் அதிகம் வராது. வலியும் பெரிதாக இராது. சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்றுதான் தெரியும். மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட உட்காருவார். உள்ளே போன எண்ணெயோ விரலின் நரம்பு, தசைநார் உறைகளின் வழியாக உள்ளங்கை வரைக்கும் ஓடியிருக்கலாம். சில மணி நேரம் கழித்து விரல் வீங்கும், வெளுக்கும், மரத்துப்போகும், பிறகு தாங்க முடியாத வலி எடுக்கும். உள்ளே இரத்த ஓட்டம் நின்று சதை செத்துக்கொண்டிருக்கும். தாமதித்தால் விரலை எடுக்க வேண்டிய நிலை வரும். சிலருக்குக் கையே போயிருக்கிறது. 1937ஆம் ஆண்டிலேயே, டீசல் எஞ்சின் எண்ணெய் இப்படிக் கைக்குள் பாய்ந்ததைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் அகப்படுவது வலது கைப் பழக்கமுள்ளவரின் இடது கை ஆள்காட்டி விரல். வலது கையில் ஸ்பேனர் இருக்கும், தடவிப் பார்ப்பது இடது கைதானே.

ஆகவே, வீட்டுக்காரரோ மகனோ அண்ணன் தம்பியோ 'இன்றைக்கு ஹோஸ் பீய்ச்சி விரலில் லேசாகக் குத்திவிட்டது' என்று சொன்னால், விரலைப் பாருங்கள். புள்ளி ஒன்று இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்று அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே ஆகாது. அறுவை மருத்துவர்கள் ஆறு மணி நேரத்துக்குள் காயத்தைத் திறந்து கழுவினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். அதிலும் எவ்வளவு முன்னதாக முடிகிறதோ அவ்வளவு நல்லது. தோட்டத்து மருந்தகத்தில் களிம்பு தடவிக் கட்டுப் போட்டு அனுப்புகிற காயமல்ல இது. அறுவைசிகிச்சை அறை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். வண்டி கிடைக்காவிட்டால் 999க்கு அழையுங்கள்.

போகும் வழியில் விரலைப் பிதுக்கி எண்ணெயை எடுக்கப் பார்க்காதீர்கள். அது எண்ணெயை இன்னும் உள்ளே தள்ளும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், தைலம் தேய்க்காதீர்கள். விரலில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். கையைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள். அறுவைசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்க வேண்டாம். எண்ணெய் டின்னில் ஒட்டியிருக்கும் சீட்டையோ அதன் படத்தையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பத்திரியில் 'விரலில் குத்திவிட்டது' என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். 'மிஞாக் ஹிட்ராலிக், தெக்கானான் திங்கி, சுடா மாசோக் டாலாம் ஜாரி' என்று சொல்லுங்கள். உயர்ந்த அழுத்தத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் விரலுக்குள் போய்விட்டது என்று பொருள். இந்த ஒரு வரியைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தவறில்லை.

வேலை நேரத்தில் ஏற்பட்ட காயம் என்பதால் சொக்சோவுக்கும் அறிவிக்க வேண்டும். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. சின்னப் புள்ளிதானே என்று அன்றைக்கு யாரும் பதிந்து வைக்காமல் விட்டுவிட்டால், பிறகு விரல் போன பின் வழக்காடிக்கொண்டிருக்க நேரிடும். மண்டோரிடம் அன்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

சரி, இனி வண்டிக்கு வருவோம்.

கசிவைத் தேடும் முன் செய்ய வேண்டியது வண்டியைச் சாதுவாக்குவது. சமதளமான இடத்தில் நிறுத்தி, வாளியைத் தரையில் முழுவதும் இறக்கி வையுங்கள். கை பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு லோடர் நெம்புகோல்களை எல்லாப் பக்கமும் நான்கைந்து தடவை அசைக்க வேண்டும். ஹோஸுக்குள் அடைபட்டிருக்கும் அழுத்தம் அப்போதுதான் இறங்கும். மின் விசையால் வால்வை இயக்கும் புதிய வண்டிகளில் இதற்கு வேறு முறை இருக்கும்; அந்த வண்டிக்குரிய கைப்புத்தகத்தைப் பாருங்கள். எண்ணெய்த் தொட்டி மூடியை மெதுவாகத் தளர்த்தித் தொட்டியின் காற்றையும் விட்டுவிடுங்கள். வேலை முடிந்த சூட்டில் எண்ணெய் கையைப் பொசுக்கும் என்பதால் ஆறவிட்ட பிறகு ஸ்பேனரை எடுப்பது நல்லது.

எஞ்சின் நின்றுவிட்டால் லோடரும் அடங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மேலே தூக்கிய வாளியை அங்கே நிறுத்தி வைத்திருப்பது சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் எண்ணெய் மட்டுமே. எஞ்சின் ஓடாத நேரத்திலும் யாராவது நெம்புகோலைத் தட்டினால் வாளி தன் பாரத்தாலேயே விழும். ஒரு ஹோஸின் நட்டைத் தளர்த்தினாலும் விழும். தூக்கிய வாளிக்கு அடியில் தலையை நீட்டி ஹோஸைக் கழற்றுவதைப் போன்ற ஆபத்து பட்டறையில் வேறு இல்லை. கைகளை உயர்த்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால், சிலிண்டர் ராடின் மேல் பூட்டும் இரும்புத் தாங்கியைப் போட்ட பிறகே அடியில் போகலாம். ஜாக்கியும் செங்கல்லும் மரக்கட்டையும் அதற்கு மாற்றாகா. லயத்து வாசலில் மதியச் சாப்பாட்டுக்காக நிறுத்திய வண்டியின் வாளியும் தரையில்தான் இருக்க வேண்டும். அதன் நிழலில் பிள்ளைகள் விளையாடுவதைக் கண்டால் ஓட்டுநரை அழைத்து இறக்கச் சொல்லுங்கள்; அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. எண்ணெய் ஓரிடத்தில் கசிந்து, இரும்புக் கை வழியாக வழிந்து, இன்னோரிடத்தில் சொட்டும். ஓடுகிற வண்டியில் காற்று அதைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். தூசியும் மண்ணும் அதன் மேல் அப்பி எல்லாம் கறுப்பாக இருக்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் லோடர் முழுவதையும் நன்றாகக் கழுவி, துணியால் துடைத்து உலர்த்துங்கள். சந்தேகமான இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல, மெக்கானிக்குகள் கையாளும் பழைய முறைதான். பிறகு ஒருவர் இருக்கையில் அமர்ந்து எஞ்சினை ஓட்டி, வாளியை மெதுவாகச் சற்றே உயர்த்தி இறக்க, மற்றவர் தூரத்தில் நின்று பார்க்கட்டும். பவுடர் எங்கே முதலில் கறுக்கிறதோ அங்கேதான் கசிவு. பல இடங்கள் ஈரமாகத் தெரிந்தால் மிக மேலே ஈரமாக இருக்கும் இடத்தைச் சந்தேகியுங்கள்.

ஊசித்துளை இருக்குமோ என்று தோன்றினால் நீளமான குச்சியின் நுனியில் ஓர் அட்டையைக் கட்டி ஹோஸின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பிஸ்கட் பெட்டி அட்டை போதும். கண்ணுக்குத் தெரியாத பீச்சு அட்டையில் எண்ணெய்க் கோடு போடும். முகத்தை அருகே கொண்டு போகக் கூடாது. கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். கையால் தொட வேண்டாம் என்று மறுபடியும் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன். அந்த மெல்லிய எண்ணெய்ப் புகை சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். அருகில் பீடி, சிகரெட் கூடாது.

கசிகிற இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஹோஸ், ஹோஸின் இணைப்பு, சிலிண்டரின் வாய்.

ஹோஸ் என்பது வெறும் ரப்பர் குழாய் அல்ல. உள்ளே ரப்பர், அதன் மேல் இரும்புக் கம்பி வலை, அதற்கும் மேல் மறுபடி ரப்பர். ஒரு வலை உள்ள ஹோஸ் வேறு, இரண்டு வலை உள்ள ஹோஸ் வேறு. அரை அங்குல ஹோஸில், எஸ்.ஏ.இ. 100 ஆர்1 என்ற ஒற்றை வலை வகை 2,000 ராத்தல் அழுத்தத்துக்கு ஏற்றது. ஆர்2 என்ற இரட்டை வலை வகை 3,500 ராத்தல் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், விலை மட்டும் வேறு. மலிவாகக் கிடைத்தது என்று ஆர்2 இருந்த இடத்தில் ஆர்1ஐப் போட்டால் அது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வகையும் அளவும் ஹோஸின் உடம்பில் அச்சிட்டிருக்கும். புதிது வாங்கப் போகும்போது பழைய ஹோஸை அப்படியே கையில் கொண்டுபோய், அதே விட்டம், அதே நீளம், அதே வகை, அதே மரை என்று கேட்டு வாங்குங்கள். பட்டணத்து ஹோஸ் கடைகளில் நீங்கள் காத்திருக்கும் நேரத்திலேயே வெட்டி, நுனியை இயந்திரத்தில் அழுத்திப் பொருத்திக் கொடுத்துவிடுவார்கள்.

மேல் ரப்பர் உரசிக் கம்பி வலை வெளியே தெரிகிறதா, அங்கங்கே கொப்புளம்போல் உப்பியிருக்கிறதா, வெயிலில் வெடித்திருக்கிறதா, மடக்கினால் விறைத்துக்கொள்கிறதா? அப்படியானால் ஒழுகாவிட்டாலும் அதை மாற்றிவிடுவதே அறிவு. நம் ஊர் மழையில் வெளியே தெரியும் கம்பி துருப்பிடிக்க எத்தனை நாள் ஆகும்? மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, மேலே கம்பி போட்டு முறுக்கி, 'இன்றைக்கு ஓடட்டும்' என்று அனுப்புவதைப் பல இடங்களில் காணலாம். 2,000 ராத்தல் அழுத்தத்துக்கு டியூபும் கம்பியும் எந்த மூலைக்கு? அந்தக் கட்டு கசிவை நிறுத்துவதில்லை, மறைத்து வைக்கிறது. மறைந்திருக்கும் பீச்சுதான் கையைத் தேடி வருவது.

புது ஹோஸைப் பூட்டும்போது முறுக்காமல் பூட்டுங்கள். ஹோஸின் மேல் நீளவாக்கில் அச்சிட்ட வரி இருக்கும். பூட்டிய பின் அந்த வரி நேராக ஓடினால் சரி. பாம்பு சுற்றியதுபோலச் சுழன்றால் முறுக்கு இருக்கிறது. அழுத்தம் ஏறும்போது ஹோஸ் சற்றுச் சுருங்கவோ நீளவோ செய்யும் என்பதால் கொஞ்சம் தளர்ச்சியும் வேண்டும். பூட்டியானதும் வாளியை மெதுவாக முழுதும் ஏற்றி இறக்கிப் பார்த்து, எந்த நிலையிலும் ஹோஸ் இழுபடவோ இரும்பில் உரசவோ கூடாது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய ஹோஸ் உரசித் தேய்ந்த இடத்திலேயே புதியதும் உரசினால் அடுத்த ஆண்டும் அதே கடையில் நிற்க வேண்டியதுதான்.

இணைப்புகளில் கசிவு என்றால் பலர் உடனே பெரிய ஸ்பேனரை எடுத்து இறுக்குவார்கள். தளர்ந்திருந்தால் இறுக்குவது சரிதான், ஆனால் அழுத்தம் இருக்கும்போது இறுக்கக் கூடாது. இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. இல்லாவிட்டால் ஹோஸும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அளவாக இறுக்கியும் நிற்கவில்லை என்றால் மேலும் இறுக்குவதால் பயனில்லை. கூம்பு முகம் நசுங்கும் அல்லது வெடிக்கும். கழற்றிப் பாருங்கள். ஓ-ரிங் உள்ள இணைப்பில் அந்த ரப்பர் வளையம் தட்டையாகவோ கீறியோ இருக்கும், அதே அளவில் புதிது போட்டால் தீர்ந்தது. சில காசு பெறும் வளையத்துக்காக நாள் கணக்கில் எண்ணெய் ஒழுகவிடுவதைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. கூம்பு முக இணைப்பிலும் ஓ-ரிங் இணைப்பிலும் வெள்ளை டேப் சுற்ற வேண்டாம். அங்கே கசிவைத் தடுப்பது மரை அல்ல, முகம். டேப்பின் துணுக்குகள் பிய்ந்து வால்வுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, சிலிண்டரின் வாய். ராடு உள்ளே போய் வெளியே வரும் இடத்தில் சீல் இருக்கிறது. ராடின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு, சொட்டுச் சொட்டாக விழுவது இயல்பல்ல. இதற்குச் சிலிண்டரைக் கழற்ற வேண்டும் என்பதால் பட்டறை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால் அவருக்கு உதவியாக நிற்கும் இளைஞர்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்திருக்கலாம். வாளியைத் தரையில் வைத்து, கைகளைத் தாங்கி, பின்னை எடுத்து, ஹோஸைக் கழற்றியதும் திறந்த வாய்களை உடனே மூடிவிட வேண்டும். ஒரு மணல் போதும் புதுச் சீலைக் கெடுக்க. ராடை நேராக இழுக்க வேண்டும். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று எடுக்கும் முன் குறித்துக்கொள்ளுங்கள். உதடு உள்ள சீல்களில் அந்த உதடு எண்ணெய் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் முதல் தூக்கிலேயே ஒழுகும். புதுச் சீலைச் சுத்தமான எண்ணெயில் நனைத்து, கூர்மையான திருப்புளி படாமல் விரலால் உட்கார்த்த வேண்டும்.

சீலை மட்டும் மாற்றி, அது ஏன் கெட்டது என்று பார்க்காமல் மூடிவிட்டால் வேலை மறுபடியும் வரும். ராடின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தடுக்கினால் அங்கே கீறலோ துருக் குழியோ இருக்கிறது. அது ஒவ்வோர் ஏற்றத்திலும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். சிறு பிசிறானால் மென்மையான எண்ணெய்க் கல்லால் தேய்த்து எடுக்கலாம். குழி ஆழமானால் ராடுக்கு மறுபடி குரோமியம் பூச வேண்டும், அல்லது ராடையே மாற்ற வேண்டும். தோட்டங்களில் இந்தத் துருவுக்கு முக்கியமான காரணம் உரம். பொட்டாஷ் உரம் உப்பு இனம். ஈரத்தோடு சேர்ந்து ராடின் மேல் ஒட்டிக்கொண்டால் குரோமியப் பூச்சின் நுண்ணிய வெடிப்புகள் வழியாக இரும்பை அரித்துவிடும். உரம் அள்ளிய நாளில் லோடரைத் தண்ணீரால் கழுவாமல் விடக் கூடாது. பல நாள் நிறுத்தி வைப்பதானால் ராடை முடிந்தவரை உள்ளே இழுத்து வைத்து, வெளியே தெரியும் பகுதியில் கிரீஸ் பூசுங்கள்.

இன்னொரு வகைக் கசிவும் உண்டு. வெளியே ஒரு சொட்டும் விழாது, ஆனால் தூக்கிய வாளி தானாகவே கீழிறங்கும். பிஸ்டன் சீலோ வால்வோ உள்ளுக்குள்ளேயே எண்ணெயை விடுகிறது. சிறிதளவு இறங்குவது பழைய வண்டிகளில் இருக்கும், அளவு கைப்புத்தகத்தில் உண்டு. அதற்கு மேல் போனால் அழுத்தமானி வைத்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். பம்பு ஊளையிடுவதுபோல் சத்தமிட்டு, தொட்டி எண்ணெய் நுரைத்தால், உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று உள்ளே போகிறது என்று பொருள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் எண்ணெய் ஊற்றுவது. எந்த எண்ணெய் என்பதைக் கைப்புத்தகம்தான் சொல்ல வேண்டும். சில டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய், சில லோடர்களுக்குத் தனித் தொட்டி. கையில் கிடைத்ததை ஊற்றக் கூடாது. முக்கியமாக, பிரேக் எண்ணெயை ஊற்றினால் சீல்களெல்லாம் ஊதிக் கெட்டுவிடும். புனலும் டின்னும் சுத்தமாக இருக்கட்டும். எஞ்சினைச் சன்னமாக ஓடவிட்டு, வாளியைத் தரைக்கு அருகிலேயே வைத்து நாலைந்து தடவை மெதுவாக அசைத்தால் உள்ளே புகுந்த காற்று வெளியேறும். பிறகு வாளியை இறக்கி, அளவைப் பார்த்து, குறைந்ததை ஊற்றி, அட்டைக் குச்சியோடு ஒரு தடவை சுற்றி வாருங்கள்.

'இவ்வளவும் எதற்கு ஐயா, ஒழுகினால் ஊற்றிக்கொண்டே ஓட்ட வேண்டியதுதானே?' என்று கேட்பவர்களும் உண்டு. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 28,800 சொட்டு. 25 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிட்டாலும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல். மாதத்தில் 26 நாள் வேலை என்றால் ஏறக்குறைய 30 லிட்டர் எண்ணெய் மண்ணில் போகிறது. அந்த விலையில் எத்தனை ஹோஸ் வாங்கலாம் என்று கிராணியாரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியது வேறு. கசிவைக் கண்ட நாளிலேயே மண்டோரிடம் சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையை அந்தத் திருத்தம் தருகிறது. சண்டைக்குப் போவதற்காகச் சொல்லவில்லை. கம்பி வலை தெரியும் ஹோஸோடு வண்டியை எடு என்று ஒருவர் வற்புறுத்தினால், 'ஹோஸை மாற்றித் தாருங்கள் அண்ணே, உடனே எடுக்கிறேன்' என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது.

வடித்தெடுத்த பழைய எண்ணெயை ஓடையிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அது அட்டவணையிடப்பட்ட கழிவு. மூடிய டிரம்மில் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைப்பது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு. கொஞ்சம் எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை இன்றே நிறுத்துங்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுதான் உயிருக்கு ஆபத்து. பாட்டிலோடு குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எண்ணெய் படிந்த வேலைச் சட்டையை மற்றத் துணிகளோடு ஊற வைக்காமல் தனியாகத் துவையுங்கள். துவைக்கப் போடும்போது சட்டைக் கையிலும் கையுறையிலும் ஊசி குத்தியதுபோல் எண்ணெய் வட்டம் ஏதும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இருந்தால் கையைக் காட்டச் சொல்லுங்கள்.